ஐந்தாம் பாகத்தில் போரம் இல்லை

மலர்விழி கிளம்பிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. 2018 பிப்ரவரி, தைப்பூசம் முடிந்து ஆறாம் நாள். செவ்வாயில் பயணம் வைக்காதே என்று அவள் அக்காள் தங்கமணி இரண்டு வாரமாகச் சொல்லிப் பார்த்தாள். மலிவு டிக்கெட் கிழமை பார்த்தா வருகிறது? கடைசியில் அக்காளே ஒரு வழி கண்டுபிடித்தாள். திங்கட்கிழமை மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். பெட்டி வாசல் தாண்டிவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாக அர்த்தம். மறுநாள் ஆள் போவது வெறும் மிச்சம்.

மறுநாள் காலை வழக்கம்போல ஆறு ஐம்பது வண்டி. கிள்ளான் நிலையத்தில் இருவரும் பெண்கள் பெட்டியில் ஏறினார்கள். தங்கமணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் வேலை. மலர்விழி கே.எல். சென்ட்ரலில் இறங்கி விமான நிலைய ரயிலைப் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறுத்தம்.

"வேலைக்குப் போற வழியில ஒன்ன வெளிநாட்டுக்கு அனுப்பிட்டுப் போறேன். லீவுகூட எடுக்கல பாத்தியா" என்று தங்கமணி சிரித்தாள். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஷா ஆலம் தாண்டியதும் திரும்பிப் பார்த்தாள். "அஞ்சாவது பாகம் எப்ப வருது?"

"அடுத்த வருசம்னு போட்டிருக்காங்க கா."

"வந்த ஒடனே எனக்குச் சொல்லணும். எந்த ஊர்ல இருந்தாலும்."

"சரி லா கா."

"போரம் வீடு வந்து சேர்றானா இல்லியா, அத மட்டும் மொதல்ல சொல்லிரு. மத்ததெல்லாம் மெதுவா சொல்லு. எனக்கு ஒன்னும் அவசரமில்ல."

மலர்விழி தலையாட்டினாள். போரம் வீடு வந்து சேரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டாம் பாகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலேயே அவன் செத்துப்போயிருந்தான். அதை அக்காளிடம் சொல்லாமல் நான்கு வருடம் ஓட்டியிருந்தாள்.

*

அக்காளுக்கும் தங்கைக்கும் பத்து வயது வித்தியாசம். அம்மா இறந்தபோது மலர்விழிக்கு ஐந்து வயது. அப்பா ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை. மனிதர் நல்லவர், வாய் திறந்து பேசாதவர். தங்கமணி படிவம் மூன்றோடு பள்ளியை விட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை. தங்கையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானும் பள்ளிக்குப் போக நேரம் கூடி வரவில்லை, அவ்வளவுதான். பிறகு பிரிக்பீல்ட்ஸில் தம்புசாமி என்பவரின் சேலைக் கடையில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். புதுச் சேலையின் கீழ்க்கரையில் ஃபால்ஸ் வைத்துத் தைப்பது, முந்தானைக்கு முடிச்சுப் போடுவது, ரவிக்கை பிரித்துத் தைப்பது. தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒரு நாளைக்கு நாற்பது சேலை வரும். அவள் தைத்த ஃபால்ஸில் சுருக்கம் விழாது. தம்புசாமி வாடிக்கையாளர்களிடம் அதைச் சொல்லி விற்பார், அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆண்டுதோறும் ஜனவரியில் மலர்விழியின் பள்ளிப் புத்தகங்களுக்கெல்லாம் அக்காள்தான் பிளாஸ்டிக் உறை போடுவாள். மூலையை மடித்து, காற்றுக் குமிழ் இல்லாமல் விரலால் நீவி, டேப் ஒட்டுவாள். உறை போட்ட கையோடு ஒவ்வொன்றாகத் திறந்து படங்களைப் பார்ப்பாள். மலாய் நன்றாகப் படிப்பாள், தமிழ் படிப்பாள். ஆங்கிலம் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம், பொருள் ஓடாது.

மலர்விழி படிவம் ஐந்தில் இருந்தபோது பள்ளி நூலகத்தில் 'உப்பு நிலா' என்ற ஆங்கில நாவலின் முதல் பாகத்தை எடுத்து வந்தாள். பதின்ம வயதினருக்கான ஐந்து பாகத் தொடர். கடல்கள் வற்றி உப்பாகிப்போன ஒரு நிலா. அந்த உப்புப் பரப்பிலிருந்துதான் கப்பல்கள் விண்ணுக்கு ஏறும். பதினான்கு வயது ஈரா காணாமல்போன தம்பியைத் தேடிக் கிளம்புவாள். அவளை ஏற்றிச் செல்லும் கிழட்டு இழுவைக் கப்பலின் மாலுமிதான் போரம். புத்தகத்தில் அவனுக்குப் பெரிய இடமில்லை. முணுமுணுப்பான், எந்திரத்தைத் திட்டுவான், உடைந்ததையெல்லாம் ஒட்டவைப்பான்.

அடுத்த வருடம் மலர்விழிக்குக் கோலாலம்பூரில் கல்லூரி கிடைத்தது. அக்காளும் தங்கையும் ஒரே வண்டியில் போக ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். என்ன செய்வது? மலர்விழி கதை சொன்னாள். முதல் நாள் மாலை ஒரு அத்தியாயம் படிப்பது, மறுநாள் காலை அதைத் தமிழில் சொல்வது. முன்னால் புரட்டிப் பார்க்கக் கூடாது என்பது அக்காள் போட்ட சட்டம். "நீ மொதல்லயே தெரிஞ்சிகிட்டா ஒன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும்" என்பாள்.

இரண்டு மாதத்தில் பாடாங் ஜாவாவில் ஏறும் ஜுபைதா ஆன்டியும் காது கொடுக்கத் தொடங்கினார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காருபவர். ஆரம்பத்தில் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் பாவனை. பிறகு அதையும் விட்டுவிட்டார்.

"நேத்து எங்க நிப்பாட்டுன? நான் லீவு போட்டுட்டேன்ல" என்பார்.

"ஆன்டி, கதைக்கு டிக்கெட் எடுங்க முதல்ல."

"ஓம் மூஞ்சிக்கு டிக்கெட்டு வேற. சொல்லு புள்ள, எந்திரம் ஓடுச்சா?"

தங்கமணி கேட்பது கையால் கேட்பது. மடியில் ஏதாவது ஒரு முந்தானை இருக்கும், முடிச்சு போட்டுக்கொண்டே வருவாள். கதை இறுகும் இடத்தில் கை நின்றுவிடும். நடுவில் சந்தேகம் கேட்பாள். "மூணு நாளா பறக்குறாங்க, என்னா சாப்பிட்டாங்க?" புத்தகத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. மலர்விழி யோசித்து, போரம் கப்பலின் சூடான குழாயில் ரொட்டி சுடுவான் என்றாள். அக்காளுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து போரம் அவளுடைய ஆள்.

அது பொய்யில் சேராது என்றுதான் மலர்விழி நினைத்தாள். கொஞ்சம் உப்பு போட்டது மாதிரி.

*

தங்கமணிக்கு 2013இல் நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை கமலநாதன், போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுபவன். நன்றாகப் பேசுவான், பாட்டுப் பாடுவான். நிச்சயம் முடிந்த நான்காம் மாதம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். ஒரு வருடத்தில் வருகிறேன் என்றான். தினமும் வந்த அழைப்பு வாரத்துக்கு ஒன்றானது, பிறகு நின்றது. 2014இல், சீனப் பெருநாள் முடிந்த ஒரு ஞாயிறு, அவன் அம்மா வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"அவன் வரமாட்டாம்மா. நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

"அவரே சொல்லட்டும்" என்றாள் தங்கமணி.

அந்த வாரம்தான் மலர்விழி அக்காளின் சட்டத்தை மீறியிருந்தாள். இரண்டாம் பாகத்துக்குப் பதினான்கு மாதம் காத்திருந்து, வெளியான அன்றே கல்லூரிக்கு மட்டம் போட்டு, கடை திறக்குமுன் வாசலில் போய் நின்று வாங்கியது. அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்க முடியவில்லை. ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். போரம் செத்த பக்கத்தில் கழிவறைக்குள் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், இதை அக்காளிடம் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்தினால் அவள் கை நிற்கும் என்று யோசிக்கவும் செய்தாள்.

திங்கட்கிழமை காலை அக்காள் முகம் வீங்கி இருந்தது. மடியில் முந்தானை இல்லை. "போரம் என்ன ஆனான்? கப்பல் ஒடஞ்சதோட நிப்பாட்டுன. சொல்லு" என்றாள்.

மலர்விழி வாயைத் திறந்தாள். அவள் நினைத்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. வந்தது வேறு.

"தப்பிச்சிட்டான் கா. கொடிமரத்தப் பிடிச்சித் தொங்கிக்கிட்டே போயிட்டான். எங்க போய்ச் சேந்தான்னு தெரியல."

"உசுரோட இருக்கான்ல?"

"இருக்கான்."

தங்கமணி பையைத் திறந்து முந்தானையை எடுத்தாள்.

ஒரு ஆளைச் சாகாமல் வைத்துவிட்டால் பிறகு அவனுக்குத் தினமும் வேலை கொடுக்க வேண்டும். மூன்றாம் பாகம் வந்தது, நான்காம் பாகம் வந்தது. எழுதியவருக்குப் போரம் நினைவில்லை. மலர்விழி ஈராவின் கதையைப் புத்தகத்திலிருந்தும் போரத்தின் கதையைத் தன் தலையிலிருந்தும் எடுத்துப் பின்னினாள். புத்தகம் வராத மாதங்களில், எழுத்தாளர் இணையத்தில் போடும் உதிரிக் கதை என்று ஒரு பேர் வைத்துச் சொன்னாள். ஜுபைதா ஆன்டிதான் ஒருநாள் தொல்லை பண்ணினார்: "அந்தக் கெழவனுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வையேன் லா. எத்தன நாளைக்கு ஒத்தையா ரொட்டி சுட்டுத் தின்பான்?"

அப்படிப் பிறந்தவள் லுமி. உப்புப் பரப்பின் ஓரத்தில் கலங்கரை விளக்கு பார்ப்பவள். போரம் கிளம்பும்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், அவள் விளக்கை அணைக்காமல் வைத்திருப்பவள். புத்தகத்தில் கலங்கரை விளக்கு உண்டு. முதல் பாகம், நான்காவது அத்தியாயத்தில் ஒரு வரி.

*

2016இல் சிவநேசன் வந்தார். தம்புசாமி கடைக்கு நூல்கண்டும் ஊக்கும் ஜிப்பும் கொண்டுவந்து போடுகிறவர். சுங்கை பூலோவில் வீடு, மனைவி இறந்து மூன்று வருடம், நான்கு வயதில் ஒரு மகள். தம்புசாமி மூலமாகக் கேட்டார். பிறகு அவரே நேராக, கடையில் யாரும் இல்லாத நேரத்தில், "யோசிச்சிச் சொல்லுங்க. இல்லேன்னாலும் நூல் கொண்டாந்து போடுவேன், அதுல ஒன்னும் மாறாது" என்றாராம்.

தங்கமணி இதை ரயிலில் தங்கையிடம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது என்று மலர்விழிக்குப் புரிந்தது. சுங்கை பூலோ வேறு ரயில் பாதை. இந்த ஆறு ஐம்பது வண்டி இருக்காது. அப்பாவும் இல்லாத வீட்டில் தான் மட்டும் இருக்க வேண்டும்.

அந்த வாரக் கதையில் துறைமுகத் தலைவன் லுமியிடம் வந்து, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தான். அது தற்செயலா இல்லையா என்று மலர்விழியால் பின்னால் எவ்வளவு யோசித்தும் சொல்ல முடியவில்லை.

"லுமி சரின்னுட்டாளா?" என்று கேட்டாள் தங்கமணி. கை நின்றிருந்தது.

"இல்ல கா. வேணாம்னுட்டா. போரம் வருவான்னு அவளுக்குத் தெரியும்."

ஜுபைதா ஆன்டி, "சரியான கிறுக்கச்சி" என்றார். தங்கமணி அடுத்த முடிச்சைப் போட்டாள். அந்த மாதக் கடைசியில் சிவநேசனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டதற்கு, "தோணல" என்றாள். அவர் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ரவாங்கில் பெண் எடுத்தார். சொன்னபடியே நூல் கொண்டுவந்து போட்டார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் மலர்விழி பெட்டி கட்டினாள். ஊரில் கால் தங்கவில்லை. அக்காள் தடுக்கவில்லை, செவ்வாய்க்கிழமையைத் தவிர வேறெதையும் குறை சொல்லவில்லை.

*

நியூசிலாந்தில் பழம் பறித்தாள். ஹனோயில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள், தொற்றுக்காலம் முழுக்க அங்கேயே மாட்டிக்கொண்டாள். பிறகு ஜார்ஜியா, போர்த்துகல், மறுபடியும் ஜார்ஜியா. மாதத்துக்கு ஒருமுறை அக்காளின் குரல்பதிவு வாட்ஸ்அப்பில் வரும். பசியாறியாச்சா, குளிரா, சட்டை வாங்கினாயா. கடைசியில் ஒரே கேள்வி. "தேதி சொல்லிட்டாங்களா?"

தேதி மூன்று முறை தள்ளிப்போனது. 2019 என்றார்கள், 2020 என்றார்கள், அப்புறம் எழுத்தாளருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றார்கள். ஒவ்வொரு முறையும் மலர்விழிக்கு உள்ளூர ஒரு நிம்மதி. 2022 நடுவில் அட்டைப்படம் வெளியானது. அக்காளுக்கு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் பதில்.

"பெருசு பண்ணிப் பாத்தேன். ஓரத்துல கறுப்பா ஒன்னு நிக்கிது. அவனாடி?"

அது ஒரு கப்பலின் நிழல்.

"இருக்கலாம் கா" என்று அனுப்பினாள்.

அக்டோபரில் புத்தகம் வந்தது. திபிலிசியில் ஒரு விடுதியின் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு நாளில் படித்து முடித்தாள். பத்து வருடம் காத்திருந்த முடிவு, நல்ல முடிவுதான். ஈரா தம்பியைக் கண்டுபிடிக்கிறாள். கூட்டி வர முடியவில்லை. மலர்விழிக்கு அழுகை வரவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும், போரம் இல்லாததை எங்கே மறைக்கலாம் என்றுதான் அவள் கண் தேடியது.

மூன்று முறை குரல்பதிவு தொடங்கி மூன்று முறை அழித்தாள். அவனை வீடு சேர்த்துவிடலாம். சேர்த்தால், காத்திருந்தது சரிதான் என்று அக்காளிடம் சொன்னதாகிவிடும். கொன்றுவிடலாம். எட்டு வருடம் காக்கவைத்துவிட்டு இப்போது கொன்றால், அக்காள் அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? உண்மையைச் சொல்லலாம். அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"இன்னும் எனக்குக் கெடைக்கல கா" என்று அனுப்பினாள்.

"நான் இங்க வாங்கி அனுப்பட்டா?"

"வேணாம் கா. இங்க போஸ்ட்டெல்லாம் ஒழுங்கா வராது."

ஜனவரிவரை அக்காள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். சட்டை, குளிர், சாப்பாடு எல்லாம் கேட்டாள், புத்தகத்தை மட்டும் கேட்கவில்லை. அக்காள் மறந்துவிட்டாள் என்று மலர்விழி நினைத்தாள். அப்படி நினைத்ததில் பெரிய பாரம் இறங்கியது அவளுக்கு. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

*

2024 மார்ச்சில் திரும்பி வந்தாள். அக்காள் விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். முடியில் நரை, மூக்குக் கண்ணாடி புதிது. கன்னத்தைத் தடவினாள், இளைத்துவிட்டாய் என்றாள். வீட்டில் மீன்கறி. எல்லாம் இருந்தது. காலையில் மட்டும் அக்காள் ஆறு இருபது வண்டிக்கே கிளம்பிப் போனாள்.

மூன்றாம் நாள் மலர்விழி வேலை விசாரிக்க ஆறு ஐம்பது வண்டியில் போனாள். பாடாங் ஜாவாவில் ஜுபைதா ஆன்டி ஏறினார். பார்த்ததும் கட்டிப் பிடித்தார், முதுகில் ஒன்று வைத்தார்.

"வந்துட்டியா கதக்காரி! ஒங்கக்கா இப்ப இந்த வண்டியிலயே வர்றதில்ல, தெரியுமா? அந்தக் கடைக்குப் போயிட்டு வந்ததோட சரி."

"எந்தக் கட ஆன்டி?"

ஜுபைதா ஆன்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்லலியா ஒங்கிட்ட? அவ சொல்லமாட்டா. ஒனக்குப் போஸ்ட் வராதுன்னியாமே, நீ வந்தா குடுக்கணும்னு அந்தப் பொஸ்தகத்த வாங்கிட்டா. கெட்டி அட்டை. பிளாஸ்டிக் ஒறயெல்லாம் போட்டு, பச்சப் புள்ளயாட்டம் மடியில வச்சிக்கிட்டு வந்தா. அப்பறம் சும்மா இருப்பாளா? போரம் பேரு எந்தப் பக்கத்துல வருதுன்னு மட்டும் பாக்குறேன் ஆன்டின்னு சொல்லி, வெரல வச்சு ஒவ்வொரு வரியா தேட ஆரம்பிச்சிட்டா. ரெண்டு மாசம். ஐந்நூறு பக்கம். அர்த்தம் தெரியாது, பேர மட்டும் தேடுறா. கண்ணாடியே அதுக்கப்பறம்தான் போட்டது."

மலர்விழி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு எடத்துலயும் இல்ல. சரி, பொஸ்தகத்துல பக்கம் கொறையுதுன்னு முடிவு பண்ணிட்டா. பைண்டிங்ல விட்டுட்டாங்களாம். மாத்தி வாங்கணும்னு என்னையும் இழுத்துக்கிட்டுப் பேரங்காடியில இருக்குற பொஸ்தகக் கடைக்குப் போனா. அங்க ஒரு சீனப் பொண்ணு, சட்டையில அந்தக் கதை பேட்ஜெல்லாம் குத்தியிருக்கு. எண்ணிப் பாத்துட்டு, பக்கமெல்லாம் சரியா இருக்குங்குறா. ஒங்கக்கா விடல. இதுல போரம் இல்ல, நல்ல புக்கு குடுங்கன்னு மலாய்ல சண்ட. அந்தப் பொண்ணு சிரிச்சிக்கிட்டே, 'காக், போரம் டா மாத்தி லா! புக் டூ!'ன்னுச்சு. செத்துட்டானாம். ரெண்டாவதுலயே செத்துட்டானாம். கியூல நின்னவங்கெல்லாம் சிரிக்கிறாங்க. ரெண்டாவது பாகத்த எடுத்துட்டு வந்து அந்தப் பக்கத்தக்கூட காட்டுச்சு, பாவம், நல்ல பொண்ணு."

"அக்கா என்ன சொன்னுச்சு?"

"என்ன சொல்லுவா? தேங்க்யூன்னா. வெளிய வந்து பெஞ்சில ஒக்காந்துட்டா. ரொம்ப நேரம் கழிச்சு, 'ஆன்டி, மலருகிட்ட சொல்லிராதீங்க, வெளியூர்ல தனியா இருக்கா, மனசு ஒடஞ்சிரும்'னா." ஜுபைதா ஆன்டி பெருமூச்சு விட்டார். "நானும் ஒரு வருசம் சொல்லல. இப்ப நீதான் ஊருக்கு வந்துட்டியே."

*

அன்று மாலை தங்கமணி வேலை முடிந்து வந்து குளித்து, சாமி விளக்கேற்றிவிட்டு, சோபாவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மலர்விழி எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா. ஜுபைதா ஆன்டிய பாத்தேன்."

தங்கமணி நிமிரவில்லை. "சொல்லிட்டாங்களா."

"மன்னிச்சிரு கா. அன்னிக்கு ஓம் மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியல. அதான் ஆரம்பம். அப்பறம் நிப்பாட்டத் தெரியல."

"லுமி?"

"இல்ல கா."

"அவளும் இல்லியா."

"வெளக்கு இருக்கு. அதுல யாரும் இல்ல."

தங்கமணி இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். அதை உரித்து முடித்தாள்.

"சிவநேசன் கேட்டத ஒங்கிட்டச் சொன்னேன்ல. அந்த வாரந்தான லுமி வேணாம்னா?"

இல்லை, அது முன்பே யோசித்த கதை என்று ஒரு பதில் மலர்விழியின் வாயருகே தயாராக நின்றது. அவளுக்கு எப்போதும் அப்படி ஒன்று நிற்கும்.

"ஆமா" என்றாள்.

"தெரிஞ்சா சொன்ன?"

"நீ போயிருவன்னு பயமா இருந்துச்சு கா. தெரிஞ்சுதான் சொன்னேன்னு நெனக்கிறேன்."

தங்கமணி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "கதையக் கேட்டு ஒருத்தி வாழ்க்கைய முடிவு பண்ணுவாளா? எனக்கு என்ன புத்தியில்லையா? நானாதான் வேணாம்னேன்" என்றாள். சமையலறை வாசலில் நின்று, முதுகைக் காட்டியபடியே, "ஆனா அன்னிக்கு அவ சரின்னு சொல்லியிருந்தா, நானும் சொல்லியிருப்பேன் போல" என்றாள்.

எண்ணெயில் வெங்காயம் போட்ட சத்தம் கேட்டது. அவள் கத்தியிருந்தால் மலர்விழி பதிலுக்கு எதையாவது சொல்லி அழுதிருப்பாள். அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டார்கள். மறுநாளும் ஆறு இருபது வண்டிக்குக் கிளம்பிப் போனாள்.

அந்த வீட்டில் மலர்விழியால் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. யாரும் துரத்தவில்லை. அக்காள் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஆனால் மலர்விழி எதைச் சொன்னாலும், கடைக்குப் போனேன், மழை பெய்தது, பேருந்து தாமதம், எதைச் சொன்னாலும் அக்காள் ஒரு நொடி முகத்தைப் பார்த்துவிட்டு "அப்படியா" என்பாள். அந்த ஒரு நொடி முன்பு இருந்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஆங்கிலக் கையேடுகளை, துவைக்கும் எந்திரம், குழந்தை இருக்கை, மருந்துச் சீட்டு, தமிழில் பெயர்ப்பது. ஒரு வரி கூட்டினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டாள். அக்காள் தைக்கும் கடை நடந்துபோனால் ஏழு நிமிடம். வாரத்தில் இரண்டு நாள் அந்த வீதி முனைவரை போவாள். கண்ணாடிக்குப் பின்னால் தையல் எந்திரத்தில் குனிந்த தலை தெரியும். உள்ளே போனால் தேநீர் வரும், சாப்பிட்டாயா என்ற கேள்வி வரும். அதற்கு மேல் வராது என்று தெரிந்ததால் பாதி நாள் திரும்பிவிடுவாள்.

புதிய தொடர்கள் வந்துகொண்டிருந்தன. கடல் அடியில் பள்ளிக்கூடம், காலத்தைத் தைக்கும் பெண், எதையெதையோ வாங்கினாள். முப்பது பக்கம் தாண்டவில்லை. யாருக்கும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்து படிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அக்காளின் குரல்பதிவு வந்தது அடுத்த வருடம், 2025 ஜூலையில், ஒரு மதிய உணவு நேரத்தில். அந்தப் பேச்சு நடந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. பின்னால் தையல் எந்திரங்களின் சத்தம்.

"மலரு, நான்தான். வர்ற வெள்ளிக்கெழம எனக்கு லீவு. வீட்டுக்கு வா. ரெண்டாவது பாகத்த எடுத்துட்டு வா, அஞ்சாவது எங்கிட்ட இருக்கு. அவன் சாகுற பக்கத்துலருந்து ஆரம்பிச்சு கடசி வரைக்கும் சொல்லு. மொதல்ல இங்லீஷ்ல ஒவ்வொரு வரியா படி, நான் வெரல வச்சுப் பாத்துக்கிட்டே வருவேன். அப்பறம் தமிழ்ல சொல்லு. ஒன்னும் சேக்காத. சாப்பிட்டாங்களா இல்லியான்னு நான் கேட்டாலும், அதுல இல்லேன்னா இல்லேன்னு சொல்லு."